சினிமாவுக்குக் கதை எழுதினால் தொழில், வலைப்பூவில் கட்டுரை எழுதினால் என்ன?

போன தடவை எழுமலைக்குப் போயிருந்தப்போ ஊர்க்காரத் தம்பி ஒருத்தர் பிடிச்சுக்கிட்டார். மதுரையில் வேலை. ராத்திரியில் உட்கார்ந்து நம்ம பக்கத்துக் கோயில்கள், நடுகற்கள் பற்றி வலைப்பூவில் எழுதுகிறவர். "அண்ணே, விளம்பரக் காசு பேங்க்ல ஏறுது. யாரும் டி.டி.எஸ். பிடிக்கலை. அப்ப வரி கிடையாதுதானே?"

அப்படி இல்லை. டி.டி.எஸ். என்பது வரியை முன்கூட்டியே பிடிக்கிற ஒரு வழி, அவ்வளவுதான். பிடிக்காவிட்டாலும் வருமானம் வருமானம்தான். கணக்கில் காட்டியே ஆகணும். இதில் எனக்குக் குறை ஒன்றுமில்லை. என் குறை அடுத்த கேள்வியில் இருக்கிறது. எந்தத் தலைப்பில் காட்டுவது?

ஒரு உதாரணம் பார்ப்போம். தம்பிக்கு வருஷத்துக்கு 2 லட்சம் ரூபாய் விளம்பர வருமானம், முழுக்க வங்கி வழியாக வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சம்பளத்தின் காரணமாக அவர் பழைய வரி முறையில் 20 சதவீத அடுக்கில் இருக்கிறார்.

இதை வியாபாரம் என்று எடுத்து 44ஏடி பிரிவில் காட்டினால், வரவில் 6 சதவீதத்தை லாபமாகச் சொன்னால் போதும். 12,000 ரூபாய் லாபம், 2,400 ரூபாய் வரி. தொழில்முறைச் சேவை என்று 44ஏடிஏ பிரிவில் காட்டினால் பாதியை லாபமாகக் காட்டணும். வரி 20,000. "இதர வருமானம்" என்று போட்டு, செலவு எதையும் கழிக்காவிட்டால் வரி 40,000. செஸ்ஸை நான் சேர்க்கவில்லை. அதே ஆள், அதே காசு, மூன்று விதமான வரி! எது சரி என்று கேட்டால் ஆடிட்டருக்கு ஆடிட்டர் பதில் மாறுகிறது.

காரணம் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. 44ஏடிஏ எல்லாருக்குமானது அல்ல. வக்கீல், டாக்டர், இன்ஜினியர், கட்டட வடிவமைப்பாளர், கணக்காளர் என்று குறிப்பிட்ட சில தொழில்களுக்கு மட்டும். 1977இல் திரைப்படக் கலைஞர்களையும் அறிவிக்கை மூலம் சேர்த்தார்கள். அதில் கதை, திரைக்கதை, வசனம், பாட்டு எழுதுகிறவர்கள்கூட உண்டு. ஆக, சினிமாவுக்கு எழுதினால் அது சட்டம் அறிந்த தொழில். நடுகல் பற்றிக் கட்டுரை எழுதினால் அதற்குப் பேரே இல்லை.

புத்தகம் போட்டவர் கதை வேறு. 80க்யூக்யூபி பிரிவின்படி இலக்கியம், கலை, அறிவியல் நூல்களுக்கு வரும் ராயல்டியில் 3 லட்சம் வரை கழிவு உண்டு. ஆனால் பத்திரிகை, செய்தித்தாள், துண்டு வெளியீடு, பள்ளிப் பாடநூல் இவையெல்லாம் "நூல்" ஆகாது என்று சட்டமே சொல்கிறது. வலைப்பூ அந்தப் பக்கம் போகவே முடியாது. தம்பியின் கட்டுரைகளைப் பதிப்பகம் ஒன்று தொகுத்து வெளியிட்டால் ராயல்டிக்குக் கழிவு கேட்கலாம். அதே கட்டுரை திரையில் இருந்தால் கேட்க முடியாது. புதிய வரி முறைக்குப் போனால் புத்தகக்காரருக்கும் இது கிடையாது, அது தனி விஷயம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பதிவில் இணைப்பு கொடுத்து, அதன் வழியே வாசகர் பொருள் வாங்கினால் கிடைப்பது கமிஷன். கமிஷன் வருமானத்துக்கு 44ஏடி பொருந்தாது. ஆக ஒரே பக்கத்தில் விளம்பரத்துக்கு ஒரு விதி, இணைப்புக்கு இன்னொரு விதி.

"எல்லாத் தொழிலையும் சட்டத்தில் பட்டியல் போட முடியுமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் துறை மனசு வைத்தால் தெளிவாகப் பேசும். 2022 ஜூலை முதல், விளம்பரத்துக்காக இலவசமாகக் கொடுக்கும் பொருளின் மதிப்பு வருஷத்துக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் டி.டி.எஸ். வந்தது. பொருளைத் திருப்பிக் கொடுத்தால் கிடையாது, வைத்துக்கொண்டால் உண்டு என்று சுற்றறிக்கையில் பளிச்சென்று எழுதினார்கள். வசூலிக்கும் இடத்தில் இருக்கிற தெளிவு வகைப்படுத்தும் இடத்தில் ஏன் இல்லை?

2025இல் ரிட்டர்ன் படிவத்தில் சமூக ஊடகச் செல்வாக்காளர்களுக்கு 16021 என்று ஒரு குறியீடு வந்தது. நல்லது. ஆனால் படிவத்தில் குறியீடு வந்ததால் சட்டத்தின் பட்டியல் மாறிவிடாது. 1961ஆம் வருஷத்துச் சட்டத்துக்குப் பதிலாக 2026 ஏப்ரல் 1 முதல் என்று கொண்டுவந்த புதிய வருமான வரிச் சட்டத்திலும் அந்தத் தொழில் பட்டியலில் வலைப்பதிவர் இல்லை. கூகுள் ஆட்சென்ஸ் தமிழை ஏற்றுக்கொண்டது 2018இல். அதற்குப் பிறகு எழுதப்பட்ட சட்டமே இதைக் கவனிக்கவில்லை என்பதுதான் வருத்தம்.

நான் சலுகை கேட்கவில்லை. இது வியாபாரமா, தொழிலா என்று ஒரு சுற்றறிக்கை போடுங்கள், போதும். சின்னப் பதிவர் பலருக்கு வரி பூஜ்யமாகவே இருக்கும். ஆனாலும் தப்பான தலைப்பில் காட்டிவிட்டோமோ, நோட்டீஸ் வந்துவிடுமோ என்ற பயம் எழுதுகிற கையைத்தான் பிடிக்கும்.

தம்பிக்குச் சொன்னது இதுதான். வரும் ஒவ்வொரு தொகையையும் தேதி போட்டு எழுதி வை. டொமைன், இன்டர்நெட், பயணச் செலவு ரசீதுகளைத் தூக்கிப் போடாதே. கமிஷனைத் தனியாக வை. எந்தத் தலைப்பில் காட்டினாலும் ஏன் என்று ஒரு தாளில் காரணம் எழுதி வைத்துக்கொள். நாளைக்கு யாராவது கேட்டால், வாயால் சொல்வதைவிட அந்தத் தாள் பேசும்.