பெருநிறுவனமும் புத்தாக்கமும்: ஒரு நூல் பற்றிய மதிப்பீடு

பெருநிறுவனங்கள் காலப்போக்கில் இறுகி, புதுமைக்கு இடங்கொடாதனவாக மாறுவது ஏன் என்ற வினாவுக்கு விடை காண முயன்ற நூல்களுள், வூமக், ஜோன்ஸ், ரூஸ் ஆகிய மூவரும் எழுதி 1990இல் வெளிவந்த 'உலகை மாற்றிய இயந்திரம்' சிறப்பிடம் பெறுவது. மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தைத் தளமாகக் கொண்டு 5 ஆண்டுகள் நிகழ்ந்த ஆய்வின் பேறு அது. ஹென்றி போட்டின் பெருந்தொகை உற்பத்தியினின்றும் வேறுபட்ட ரொயோட்டா முறையினை 'மெலிந்த உற்பத்தி' என்னும் பெயரால் அந்நூல் உலகறியச் செய்தது.

நூலின் வலிமை அதன் ஒப்பீட்டு முறையில் உள்ளது. யப்பானியரின் வெற்றிக்கு அவர்தம் பண்பாடே காரணம் என்றும், இயந்திர மனிதரைப் புகுத்தினால் எந்த ஆலையும் திருந்திவிடும் என்றும் நிலவிய கருத்துக்களை அது தகர்த்தது. கலிபோர்ணியாவின் பிறீமன்ற் ஆலை இதற்குத் தக்க சான்று. ஜெனரல் மோட்டோர்ஸ் 1982இல் மூடிய அவ்வாலையில் தொழிலாளர் வரவின்மை 20 வீதத்தையும் தாண்டியிருந்தது. ரொயோட்டாவுடன் கூட்டுச் சேர்ந்து, 'நுமி' என்னும் பெயரில் 1984இல் அது மீள இயங்கியபோது, வேலைக்கு அமர்ந்தோரிற் பெரும்பாலார் பழைய தொழிலாளரே, தொழிற்சங்கமும் பழையதே. ஆயினும் சில ஆண்டுகளுள் அவர்கள் செய்த கார்களின் தரம் யப்பானிய ஆலைகளின் தரத்தை நெருங்கிற்று.

வேலையின் ஒழுங்கமைப்பே மாறியிருந்தது. அதன் குறியீடு உற்பத்தி நிரைக்கு மேலே ஓடிய கயிறு. பழுது கண்ட எந்தத் தொழிலாளியும் அதனை இழுக்கலாம். பழுது தீராவிடின் நிரை நிற்கும். கயிற்றைக் கட்டுவது எளிது. அதை இழுப்பவன் தண்டிக்கப்படான் என்ற உறுதியை ஏற்படுத்துவது அரிது. நுமியில் அவ்வுறுதிக்குத் தொழிற்சங்க உடன்படிக்கை துணைநின்றது. நிருவாகத்தினரின் சம்பளத்தைக் குறைத்தல் முதலிய நடவடிக்கைகளின் பின்னரன்றி ஆட்குறைப்புச் செய்வதில்லை என நிறுவனம் உடன்பட்டிருந்தது. 1988இல் விற்பனை சரிந்தபோதும் எவரும் நீக்கப்படவில்லை. மேலதிகமானோர் பயிற்சியிலும் வேலைச் சீர்திருத்தத்திலும் ஈடுபடுத்தப்பட்டனர்.

நூலாசிரியர்கள் இவ்வுறவைக் காணாதவர்களல்லர். பரஸ்பரக் கடப்பாடு பற்றிப் பேசவே செய்கின்றனர். ஆனால் அதனை உற்பத்தி முறையின் இயல்பான விளைவுபோற் கொள்வதே நூலின் குறை. தொழிலாளி மீதான நெருக்குதலை அவர்கள் ஆக்கபூர்வமான இறுக்கமாக விளக்குகின்றனர். அதனையே மைக் பாக்கரும் ஜேன் சுலோட்டரும் 1988இல் 'நெருக்குதலால் நிருவகித்தல்' என்றனர். ரொயோட்டாவிற் பருவகாலத் தொழிலாளியாக வேலை செய்த கமட்டா சத்தோஷி, நிரையின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது வாடிய மனிதரை 1973இலேயே எழுத்திற் பதிந்தார். ஒரே முறை ஓரிடத்தில் ஆற்றலை வளர்ப்பதும் பிறிதோரிடத்தில் உடலை உறிஞ்சுவதும் தொழிலாளரின் பேரம்பேசும் வலுவைப் பொறுத்தவை. இவ்வலுவைக் கணக்கில் எடுக்காத புத்தாக்கக் கோட்பாடு அரைகுறையானதே.

நுமியின் முடிவும் இவ்விடத்து நோக்கற்பாலது. 2009இல் ஜெனரல் மோட்டோர்ஸ் கூட்டிலிருந்து விலகியது. 2010 ஏப்ரிலில் ஆலை மூடப்பட்டது. 4,000க்கு மேற்பட்டோர் வேலையிழந்தனர். ஒரு திருகாணியின் பழுதுக்காக நிரையை நிறுத்தும் உரிமை பெற்றிருந்த தொழிலாளருக்கு, ஆலையின் மூடலை நிறுத்தும் உரிமை இருக்கவில்லை.