வயிற்றுக்குள் போன கேமரா

நஷ்டத்தில் ஓடுகிற பிரிவைத் தலைமுழுகு, லாபம் கொழிக்கிற பிரிவுக்குத் தீனி போடு. இந்த உபதேசத்துக்கு உதாரணம் வேண்டுமென்றால் ஜப்பானின் ஒலிம்பஸ் கம்பெனி தயாராக இருக்கிறது. மூன்று வருடத் தொடர் நஷ்டத்துக்குப் பிறகு, 2020 ஜூனில் கேமரா பிரிவை ஒரு முதலீட்டு நிறுவனத்திடம் தள்ளிவிடப் போவதாக அறிவித்தார்கள். 2021 ஜனவரி 1 அன்று கைமாறியது. இனி வைத்தியக் கருவிகள்தான் பிரதானம். குறிப்பாக எண்டோஸ்கோப். குடலுக்குள் விட்டுப் பார்க்கிற அந்தக் குழாயில் உலக மார்க்கெட்டில் சுமார் 70 சதவிகிதம் இவர்களுடையது.

சபாஷ் போடத் தோன்றுகிறதா? கொஞ்சம் பொறுங்கள்.

முதலில், தலைமுழுகப்பட்டது யார் என்று பார்ப்போம். 1919-ல் மைக்ராஸ்கோப் செய்வதற்காக ஆரம்பித்த கம்பெனி இது. 1936-ல் கேமரா. 1949-ல் டோக்கியோ பல்கலைக்கழக ஆஸ்பத்திரி டாக்டர் டாட்சுரோ உஜி இவர்களிடம் வந்து, 'வயிற்றுக்குள்ளே போட்டோ எடுக்க முடியுமா?' என்கிறார். துளியூண்டு லென்ஸ், துளியூண்டு பல்பு, துளியூண்டு ஃபிலிம், எல்லாவற்றையும் ஒரு குழாயின் முனையில் அடைத்து 1950-ல் நோயாளியை விழுங்க வைத்தார்கள். இன்றைக்குக் கொடிகட்டிப் பறக்கிற எண்டோஸ்கோப்புக்குத் தாய்வீடு கேமராதான். (1959-ல் இவர்கள் விட்ட 'பென்' கேமராவில் 36 படச் சுருளில் 72 படம் எடுக்கலாம். நம்மூர் சிக்கனக்காரர்களுக்காகவே செய்த மாதிரி!)

கேமராவைக் கொன்றது செல்போன். அதற்கு ஒலிம்பஸைத் திட்டிப் பிரயோஜனமில்லை. நான் கேட்பது வேறு. கம்பெனியையே கவிழ்க்கப் பார்த்தது எந்தப் பிரிவு?

1985-க்குப் பிறகு யென் மதிப்பு ஏறியதில் ஏற்றுமதி லாபம் இளைத்தது. மேலிடத்துக்காரர்கள் பணத்தை நிதிச் சூதாட்டத்தில் போட்டார்கள். போட்டது போச்சு. அந்த நஷ்டத்தைக் கணக்கில் காட்டாமல் ஒளித்தார்கள், ஏறக்குறைய இருபது வருடம்! ஓட்டையை அடைக்க அவர்களுக்குக் கிடைத்த திரை என்ன தெரியுமோ? 'மருத்துவத் துறை வளர்ச்சி'. 2008-ல் ஜைரஸ் என்ற பிரிட்டிஷ் வைத்தியக் கருவிக் கம்பெனியைச் சுமார் 200 கோடி டாலருக்கு வாங்கினார்கள். தரகு மட்டும் 68.7 கோடி டாலர். மூன்றில் ஒரு பங்கு! எந்தக் கல்யாணத் தரகருக்கும் இந்த தைரியம் வராது. தரகு என்ற பெயரில் போன பணம் சுற்றி வந்து பழைய ஓட்டையை அடைத்தது. 2011-ல் தலைமைப் பதவிக்கு வந்த இங்கிலாந்துக்காரர் மைக்கேல் வுட்ஃபோர்ட், 'இது என்னய்யா கணக்கு?' என்று கேட்டார். அக்டோபர் 14 அன்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தலைமை நிர்வாகி என்ற பட்டம் கிடைத்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது.

வீட்டில் சம்பாதிக்கிற பிள்ளை ராத்திரி எத்தனை மணிக்கு வந்தாலும் யாரும் வாய் திறப்பதில்லை. வேலையில்லாத தம்பிக்குத்தான் தினம் அர்ச்சனை. ஒலிம்பஸில் நடந்ததும் அதேதான். அமெரிக்காவில் டாக்டர்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் ஓசி டூர், இலவசக் கருவி என்று 'கவனித்த' புகாருக்காக 2016-ல் 62 கோடி டாலருக்கு மேல் அழுதது எது? வைத்தியப் பிரிவு. எண்டோஸ்கோப்பில் ஒரு வகையின் முனை சிக்கலான அமைப்பு, சரியாகக் கழுவ வராது. ஒரு நோயாளியின் கிருமி அடுத்தவருக்குத் தொற்றியது. அந்தத் தகவல்களை அரசுக்கு முறைப்படி தெரிவிக்காத குற்றத்தை ஒப்புக்கொண்டு 2018-ல் 8.5 கோடி டாலர் கட்டியதும் அதே செல்லப்பிள்ளைதான்.

கேமரா சரியில்லை என்றால் போட்டோ கெடும், அவ்வளவுதான். இது மனுஷன் உடம்புக்குள்ளே போகிற சாமான். எதை முதலில் சீரமைத்திருக்க வேண்டும்? லாபம் வருகிற இடத்தில் கேள்வி கேட்க ஆளில்லாமல் போனதை ஒரு நிர்வாக வியாதியாக நம் எம்.பி.ஏ.க்கள் கணக்கிலெடுப்பதே இல்லை.

2023-ல் இன்னொன்றும் நடந்தது. மைக்ராஸ்கோப் பிரிவை பெயின் கேபிடல் நிறுவனத்துக்குச் சுமார் 42,700 கோடி யென்னுக்கு விற்றார்கள். கம்பெனி பிறந்ததே மைக்ராஸ்கோப்புக்காக. இத்தனைக்கும் அது நஷ்டத்திலும் ஓடவில்லை.