மறதி வந்தபின் யார் வீடு?

மறதிநோயைக் காட்டிய தமிழ்ப்படம் எது என்று வகுப்பில் கேட்டால், மாணவியர் முதலில் சொல்வது 2015இல் வந்த மணிரத்னத்தின் ‘ஓ காதல் கண்மணி’. லீலா சாம்சன் நடித்த பவானிக்கு அல்சைமர்; கணவர் கணபதியாக வரும் பிரகாஷ்ராஜ் பார்த்துக்கொள்கிறார். அதைக் கண்டுதான் திருமணமே வேண்டாம் என்றிருந்த இளஞ்ஜோடி மனம் மாறுகிறது. அம்பத்தூரில் மாமியாருக்குச் சோறூட்டிவிட்டு ஓடிப்போய் ரயில் பிடிக்கிற பெண்களைப் பார்த்து எந்த ஜோடியும் கல்யாணத்துக்குச் சம்மதித்ததாகத் தெரியவில்லை.

லட்சுமி ராமகிருஷ்ணனின் ‘ஹவுஸ் ஓனர்’ (2019) இந்த இடங்களை மாற்றிப் போடுகிறது. நோய், ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி வாசுவுக்கு (கிஷோர்). பார்த்துக்கொள்பவள் மனைவி ராதா (ஸ்ரீரஞ்சனி). காலம் 2015 டிசம்பர் வெள்ளம். பூந்தமல்லிக்குப் பக்கத்துச் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட, அடையாறு ஊருக்குள் புகுந்த அந்த நாட்களை எங்கள் பகுதியில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ராதா சலித்துக்கொள்கிறாள், அதட்டுகிறாள், உடனே சமாதானமும் சொல்கிறாள். ஸ்ரீரஞ்சனியின் முகத்தில் வந்துபோகும் அந்த எரிச்சலுக்காகவே எனக்குப் படம் பிடிக்கும். வாசுவின் நினைவில் இளவயது ராதா இருக்கிறாள். எதிரில் நிற்பவள் யாரோ. ஆனால் வீடு தன்னுடையது என்பது மட்டும் அவருக்கு மறக்கவில்லை.

தலைப்பு குத்துவது அங்கேதான். ஆவடியில் என் பெரியம்மா கடைசி இரண்டு வருடம், பொழுது சாய்ந்தால் இரண்டு புடவையைப் பையில் திணித்துக்கொண்டு, “எங்க வீட்ல கொண்டுபோய் விடும்மா” என்பார். நிற்பது நாற்பது வருடமாக அவரே கோலம் போட்ட வாசலில். ஆண் நோயாளிகளும் சாயங்காலங்களில் இப்படிக் கேட்பதுண்டு, நோயின் இயல்பு அது. இருந்தும், புகுந்த வீட்டை ஒரு பெண்ணின் நினைவு இத்தனை சுலபமாகக் கைவிடுவதை நரம்பியலாக மட்டும் வாசிக்க எனக்கு மனம் வரவில்லை. பட்டா பெரியப்பா பெயரில் இருந்தது.

படத்தின் குறை வெள்ளம்தான். அது வந்ததும் ராதாவின் பல வருடச் சோர்வு சில மணிநேர ஆபத்தாகச் சுருங்கிவிடுகிறது. மழையில்லாத இரவுகளில் அவள் எப்போது தூங்கினாள்? மாற்றிவிட யார் இருந்தார்கள்? தண்ணீர் ஏறுகிறது, அவள் அவரை விட்டுப் போகவில்லை. அதைக் காதல் என்று படம் எழுதிக்கொள்கிறது. போவதற்குத் தன் பெயரில் அவளுக்கு ஓர் இடம் இருந்ததா என்று அது கேட்கவில்லை.