24 கோரை 8 கோர் வென்றது எப்படி?

தாளில் வைத்துப் பார்த்தால் இது போட்டியே இல்லை. இன்டெலின் கோர் அல்ட்ரா 9 285கே புராசசரில் 24 கோர்கள். உச்ச வேகம் 5.7 கிகாஹெர்ட்ஸ். அறிமுக விலை 589 டாலர். ஏஎம்டியின் ரைசன் 7 9800எக்ஸ்3டி-யில் 8 கோர்கள், 5.2 கிகாஹெர்ட்ஸ், 479 டாலர். முன்னது 2024 அக்டோபர் 24 அன்று விற்பனைக்கு வந்தது, பின்னது இரண்டு வாரம் கழித்து நவம்பர் 7 அன்று. ஆனால் கேம் என்று களம் இறங்கியதும் எட்டு கோர்தான் முந்தியது, அதுவும் எட்டிப் பிடிக்க முடியாத தூரத்தில். உச்ச ரக கிராபிக்ஸ் கார்டை மாட்டி 1080பி திரையில் சோதித்த விமர்சகர்கள், சராசரியாக 20 முதல் 35 சதவீதம் வரை ரைசனுக்கு முன்னிலை என்று பதிவு செய்தார்கள்.

குரோம்பேட்டை, சேலையூர், தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர் என்று நீளும் நம் சென்னைத் தென்புறநகரில் இந்த முடிவை அக்கறையோடு அலச வேண்டியிருக்கிறது. இங்கே பெரும்பாலான வீடுகளில் ஒரே கம்ப்யூட்டர்தான். பகலில் அண்ணன் அதில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறான். மாலையில் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படிக்கும் தங்கை புராஜெக்ட் வேலை பார்க்கிறாள். ராத்திரி பத்து மணிக்கு மேல் தம்பி கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் ஆடுகிறான். மின்சார ரயில் ஏறி ரிச்சி தெருவுக்குப் போகும் அப்பா, மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே பெட்டிதான் வாங்கி வர முடியும். கோர் எண்ணிக்கையை மட்டும் பார்த்து அவர் முடிவெடுத்தால், வீட்டில் ஒருவருக்காவது ஏமாற்றம் நிச்சயம்.

முதல் களம்: கேம்

கணக்குப் போடும் வேகத்தால் மட்டும் ஒரு புராசசர் கேமில் ஜெயிப்பதில்லை. கணக்குக்கு வேண்டிய தகவல் வந்து சேரும்வரை காத்திருக்கும் நேரத்தைக் குறைப்பதுதான் அங்கே வெற்றி. எதிரி எங்கே நிற்கிறான், சுவர் எங்கே, குண்டு எந்தப் பக்கம் போகிறது என்று ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் தகவல்களை புராசசர் தேடி எடுக்கிறது. அவை அதன் உள்ளேயே இருக்கும் கேஷ் நினைவகத்தில் கிடைத்தால் பத்து நானோவினாடி அளவில் வேலை முடியும். இல்லையென்றால் வெளியே ரேம் வரை போய் வர வேண்டும். அதற்கு எண்பது நானோவினாடி போல ஆகும். 5 கிகாஹெர்ட்ஸில் ஓடும் கோருக்கு அது 400 சுற்றுகள் வீண். தாளிக்கும்போது கடுகும் சீரகமும் கைக்கெட்டும் அஞ்சறைப்பெட்டியில் இருப்பதற்கும், ஒவ்வொரு முறையும் அடுப்பை அணைத்துவிட்டுத் தெருமுனைக் கடைக்கு ஓடுவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது.

ரைசனில் மூன்றாம் நிலை கேஷ் 96 எம்பி. இன்டெலில் 36 எம்பி. ரைசனின் 96-ல் 64 எம்பி, தனிச் சில்லாகச் செய்து அடுக்கி ஒட்டப்பட்டது. பெயரில் உள்ள '3டி' அந்த அடுக்கைத்தான் குறிக்கிறது. இந்த உத்தி புதிதல்ல. 2022 ஏப்ரலில் வந்த 5800எக்ஸ்3டி-யிலேயே ஏஎம்டி இதைச் செய்துவிட்டது. ஆனால் அப்போது கேஷ் அடுக்கு கோர்களுக்கு மேலே உட்கார்ந்திருந்தது. கோர்களின் சூடு கூலருக்குப் போகும் வழியில் அது தடையாக நின்றதால், வேகத்தைக் கட்டுப்படுத்த வேண்டியிருந்தது. 9800எக்ஸ்3டி-யில் அடுக்கைக் கீழே கொண்டுபோய்விட்டார்கள். கோர்கள் கூலருக்கு நேர் கீழே வந்தன. முந்தைய 7800எக்ஸ்3டி-யின் உச்ச வேகம் 5 கிகாஹெர்ட்ஸ், இதில் 5.2. அடிப்படை வேகமோ 4.2-லிருந்து 4.7-க்கு ஏறியது. பெரிய கேஷோடு வேகமும் சேர்ந்தது இந்த ஓர் இடமாற்றத்தால்தான்.

இன்டெல் தரப்பில் நடந்தது இதற்கு நேர் எதிர். 285கே-யில் கோர்கள் ஒரு சில்லிலும் ரேமைக் கையாளும் பகுதி வேறொரு சில்லிலும் இருக்கின்றன. இந்த அமைப்பு ரேமுக்குப் போய்வரும் தூரத்தை நீட்டிவிட்டது. அதனால்தான் தன் சொந்த முந்தைய தலைமுறையான 14900கே-யிடமே சில கேம்களில் அது பின்தங்கியது. அறிமுகம் எதிர்பார்த்தபடி அமையவில்லை என்று இன்டெலே ஒப்புக்கொண்டு, 2024 டிசம்பரில் திருத்தங்களையும் 2025 ஏப்ரலில் '200எஸ் பூஸ்ட்' என்ற வேகமூட்டும் வசதியையும் தந்தது. பலன் இருந்தது. ஆனாலும் முடிவு மாறவில்லை.

ஆன்லைனில் போட்டியாக ஆடும் நம் பையன்களுக்கு இது இன்னும் முக்கியம். கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் 2-ஐ நடத்தும் வால்வ் நிறுவனத்தின் இந்திய சர்வர்கள் மும்பையிலும் சென்னையிலும் இருக்கின்றன. தாம்பரத்தில் ஃபைபர் இணைப்பு வைத்திருப்பவருக்கு சென்னை சர்வர் கூப்பிடு தூரம். நெட்வொர்க் தாமதம் குறைவாக இருக்கும்போது, கம்ப்யூட்டரின் தடுமாற்றம் பளிச்சென்று தெரியும். இங்கே சராசரி எஃப்பிஎஸ்ஸை, அதாவது வினாடிக்கு எத்தனை ஃபிரேம் என்பதை, மட்டும் பார்க்கக் கூடாது. மிக மோசமான ஒரு சதவீத ஃபிரேம்கள் எவ்வளவு வேகத்தில் வந்தன என்று பார்க்க வேண்டும். நான்கு பேர் ஒரே நேரத்தில் புகைக்குண்டு வீசும் கணத்தில் திரை திக்குகிறதா இல்லையா என்பதை அந்த எண்தான் சொல்லும். அதிலும் பெரிய கேஷ் உள்ள ரைசனே மேல்.

ஒரு எச்சரிக்கை. இந்த இடைவெளி 1080பி திரையிலும் மேல்தட்டு கிராபிக்ஸ் கார்டிலும் தெரிவது. 4கே திரைக்குப் போனால் சுமை முழுவதும் கிராபிக்ஸ் கார்டின் தலையில் விழும். இரண்டு புராசசருக்கும் பெரிய வேறுபாடு இருக்காது. சாதாரண 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் வைத்திருப்பவருக்கோ வினாடிக்கு 60-க்கு மேல் எத்தனை ஃபிரேம் வந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

இரண்டாம் களம்: தொழில்

இங்கே ஆட்டம் தலைகீழாகத் திரும்புகிறது. எல்லா கோர்களுக்கும் ஒரே நேரத்தில் வேலை கொடுக்கும் சினிபெஞ்ச் 2024 சோதனையில், 285கே ஏறக்குறைய 1.8 மடங்கு புள்ளிகள் எடுக்கிறது. புராசசரை நம்பி ரெண்டர் செய்பவர், பெரிய மென்பொருளை கம்பைல் செய்பவர், பொறியியல் சிமுலேஷன் ஓட்டுபவர் ஆகியோருக்கு அது மாலையில் வேலை முடிவதா நள்ளிரவில் முடிவதா என்கிற வித்தியாசம்.

கல்யாண வீடியோக்காரர்களுக்கு இன்டெல் வேறொரு வகையிலும் கைகொடுக்கிறது. சோனி ஏ7 IV போன்ற கேமராக்கள் 10-பிட் 4:2:2 என்ற செறிவான வண்ண முறையில் ஹெச்.265 வீடியோவைப் பதிவு செய்கின்றன. இந்த வகைக் கோப்பைத் தடையில்லாமல் ஓட்டிக் காட்டும் தனிப் பகுதி இன்டெலின் உள்கிராபிக்ஸில் இருக்கிறது. ரைசனின் உள்கிராபிக்ஸில் இல்லை. என்விடியாவின் 40 வரிசை வரையிலான ஜிஃபோர்ஸ் கார்டுகளிலும் இல்லை. 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட 50 வரிசையில்தான் வந்தது. ஆகவே பழைய கார்டை வைத்துக்கொண்டு, முகூர்த்த மாதங்களில் வாரத்துக்கு நாலு கல்யாணம் எடிட் செய்யும் ஸ்டூடியோவுக்கு 285கே கண்ணை மூடிக்கொண்டு வாங்கத் தக்கது. 50 வரிசை கார்டு வாங்கப் போகிறவருக்கு இந்த ஒரு காரணம் மட்டும் விலகிவிடும்.

ஆட்டோகேட் போன்ற வரைபட மென்பொருள்களில் பெரும்பாலும் ஒரு கோரின் வேகமே கணக்கு. அதிலும் இன்டெலுக்கு முன்னிலை உண்டு, ஆனால் பத்து சதவீதத்தை ஒட்டித்தான். பிளெண்டர் பயன்படுத்துவோரில் பலர் கிராபிக்ஸ் கார்டில் ரெண்டர் செய்கிறார்கள். அவர்களுக்கு இந்தச் சண்டையே தேவையில்லை.

விளையாட்டு என்றாலே ரைசன்தான் என்றும் எண்ணிவிட வேண்டாம். 2022-ல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்த செஸ்ஸும் விளையாட்டுதான். ஸ்டாக்ஃபிஷ் போன்ற செஸ் எஞ்சின்கள் இயங்குவது புராசசரில்தான், கிராபிக்ஸ் கார்டில் அல்ல. எத்தனை கோர் கொடுத்தாலும் அத்தனையையும் எடுத்துக்கொண்டு, வினாடிக்குக் கோடிக்கணக்கான நிலைகளை அலசும். ஓப்பனிங் தயாரிப்புக்காக ராத்திரி முழுக்க எஞ்சினை ஓட விடும் செஸ் மாணவருக்கு வேண்டியது கோர்களின் எண்ணிக்கை.

மூன்றாம் களம்: வெயிலும் மின்சாரமும்

விமர்சகர்களின் சோதனை அறைகள் பெரும்பாலும் குளிரூட்டப்பட்டவை. மே மாதத்தில் மீனம்பாக்கத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது, நம் மாடி அறையின் சூடு அப்படியே புராசசர் மீதும் ஏறும். 285கே முழு வேகத்தில் 250 வாட் வரை இழுக்கும். நல்ல தண்ணீர்க் கூலர் இல்லாமல் அதை வைத்துக்கொள்வது சிரமம். ரைசன் 162 வாட்டைத் தாண்டாது. கேமில் அதைவிட மிகக் குறைவாகவே எடுக்கும். தரமான காற்றுக் கூலரே அதற்குப் போதும்.

ஆனால் வாட்டை மட்டும் பார்த்து இன்டெலைக் குறை சொல்வது நியாயமாகாது. ஒரு மணி நேரத்தில் 250 வாட்டில் அது முடிக்கும் வேலையை முடிக்க, 140 வாட் அளவில் ஓடும் ரைசனுக்கு 1.8 மணி நேரம் ஆகும். பெருக்கிப் பார்த்தால் இரண்டும் கால் யூனிட்தான். ரெண்டர் வேலையில் கரண்ட் பில் சமம், மிச்சமாவது நேரம். கேமில் கதை வேறு. அங்கே ஆடும் நேரம் நம் விருப்பம், புராசசரின் வேகத்தால் அது குறையாது. குறைந்த மின்சாரத்தில் கூடுதல் ஃபிரேம் தரும் ரைசன்தான் அதில் சிக்கனம். இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளுக்கான சலுகையும் கைவிட்டுப் போகும் என்பதை நினைவில் வையுங்கள். அதோடு, பொதுவாக 600 வாட் தாங்கும் 1 கேவிஏ யுபிஎஸ்ஸில் 285கே-யையும் 250 வாட் கிராபிக்ஸ் கார்டையும் முழு வேகத்தில் ஓட்டினால் விளிம்பில்தான் நிற்கும்.

நாளைக்கு மாற்ற முடியுமா?

ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் 2022-ல் வந்தது. 2027 வரையிலாவது அதை ஆதரிப்போம் என்று நிறுவனம் அறிவித்திருக்கிறது. இன்று வாங்கும் மதர்போர்டை வைத்துக்கொண்டே நாளை புதிய புராசசர் மாட்ட வழி இருக்கிறது. இன்டெல் தன் முந்தைய சாக்கெட்டை மூன்று தலைமுறைக்கு வைத்திருந்துவிட்டு, 285கே-க்காக 1851-க்கு மாறியது. இந்த அம்சத்தில் ஏஎம்டியின் வாக்குறுதி தெளிவாக இருக்கிறது. நம்பகத்தன்மையில் இரண்டு தரப்பும் விமர்சனத்துக்கு உள்ளானவை. 2024-ல் இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை புராசசர்கள் நிலைகுலைந்ததால் உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டினார்கள். 285கே அந்தப் பட்டியலில் இல்லை. 2025-ல் சில மதர்போர்டுகளில் 9800எக்ஸ்3டி கருகிய புகார்கள் வந்தன. எதை வாங்கினாலும் முதல் நாளே பயாஸ் அப்டேட் செய்துவிடுங்கள்.

தீர்ப்பு

கேம்தான் முதல் தேவை, மற்றதெல்லாம் இடையிடையே என்றால் 9800எக்ஸ்3டி. அந்தப் பெட்டியில் ஓடும் எடிட்டிங்கோ ரெண்டரோ சிமுலேஷனோ வீட்டுக்குச் சம்பாத்தியம் கொண்டுவருகிறது என்றால் 285கே. அதில் கேமும் நன்றாகவே ஓடும், முதலிடம்தான் கிடைக்காது. இரண்டிலும் உச்சம் வேண்டும், பட்ஜெட்டும் இடம் கொடுக்கிறது என்பவர்களுக்கு 2025 மார்ச்சில் வந்த 16 கோர் ரைசன் 9 9950எக்ஸ்3டி இருக்கிறது, அறிமுக விலை 699 டாலர்.

பிள்ளைக்கு முதல் கம்ப்யூட்டர் வாங்கும் பெற்றோருக்கு நான் சொல்வது இதுதான். 60 ஹெர்ட்ஸ் மானிட்டரும் நடுத்தர கிராபிக்ஸ் கார்டும்தான் திட்டம் என்றால், இந்த இரண்டுமே வேண்டாம். ஆறு கோர் ரைசன் 5 தாராளமாகப் போதும். மிச்சப் பணத்தை கிராபிக்ஸ் கார்டிலும் நல்ல யுபிஎஸ்ஸிலும் போடுங்கள். கடைக்குப் போகும் முன், அந்தப் பெட்டியில் யார், என்ன வேலையை, எத்தனை மணி நேரம் செய்யப் போகிறார்கள் என்று வீட்டில் உட்கார்ந்து பேசி ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கடைக்காரர் கோர் எண்ணிக்கையைச் சொல்லத் தொடங்கும்போது அந்தத் தாளை அவரிடம் நீட்டுங்கள்.