‘ஆனால்’ என்ற சொல்லும் 434 கோல்களும்

ஆர்தர் ரௌலி பற்றிய குறிப்புகள் பெரும்பாலும் இரண்டு வாக்கியத்தில் முடிந்துவிடும். இங்கிலாந்து லீக் காற்பந்தில் எல்லாக் காலத்துக்கும் அதிக கோல் அடித்தவர், 619 ஆட்டங்களில் 434. ஆனால் நாட்டின் முதன்மை அணிக்கு ஒருமுறைகூட ஆடவில்லை. முதல் வாக்கியம் வியக்கிறது, இரண்டாவது பரிதாபப்படுகிறது. நடுவில் நிற்கும் அந்த ‘ஆனால்’தான் எனக்குப் பிரச்சினை. 1946இலிருந்து 1965 வரை ஓடிய ஒரு வாழ்க்கையை அது ஒரே சொல்லில் குறையாக மாற்றிவிடுகிறது. இதை நான் ஒரு வாசிப்புப் பிழையாகவே பார்க்கிறேன்.

பொறியாளன் என்பதால் எண்ணைப் பிரித்துப் பார்ப்பது என் பழக்கம். வெஸ்ட் ப்ரோமிச்சில் 4, ஃபுல்ஹாமில் 27, லெஸ்டர் சிட்டியில் 251, ஷ்ரூஸ்பரி டவுனில் 152. பெரும்பகுதி இரண்டாம் டிவிஷனிலும் அதற்குக் கீழும் அடித்தவை. 1956-57இல் மட்டும் லெஸ்டருக்கு 44 கோல். அணி முதல் டிவிஷனுக்கு ஏறியது. அடுத்த ஆண்டே, 32 வயதில், ரௌலி ஷ்ரூஸ்பரிக்குப் போனார். அது அப்போதுதான் உருவான நான்காம் டிவிஷன். வரைபடமாகப் போட்டால் கோடு செங்குத்தாகக் கீழே விழும்.

ஆனால் அங்கே அவர் ஆட்டக்காரர் மட்டுமில்லை, மேனேஜரும் அவர்தான். முதல் சீசனிலேயே 38 கோல் அடித்தார், அணியையும் மூன்றாம் டிவிஷனுக்கு ஏற்றினார். 1961இல் அதே சிறிய அணி லீக் கோப்பையின் அரையிறுதி வரை போனது. செவெர்ன் ஆற்றங்கரையில் இருந்த அவர்களுடைய கே மெடோ மைதானத்தில் பந்து ஆற்றில் விழுந்தால் எடுத்துவர ஒருவர் பரிசலோடு காத்திருப்பாராம். ‘கீழே’ என்று நாம் சொல்கிற இடம் இதுதான். அங்கே ஒரு முழு உலகமே இயங்கிக்கொண்டிருந்தது.

இன்னொன்றையும் கவனிக்கணும். இன்றைய கோடீஸ்வர ஆட்டக்காரர்களை மனதில் வைத்துக்கொண்டு அந்தக் காலத்தைப் படிக்கவே கூடாது. 1961 ஜனவரி வரை இங்கிலாந்தில் ஆட்டக்காரர் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருந்தது. கடைசியில் அது சீசனில் வாரத்துக்கு 20 பவுண்டு. கீழ் டிவிஷனில் எல்லாருக்கும் அந்த 20 கிடைக்கவில்லை என்பது உண்மை. ஆனால் முதல் டிவிஷன் நட்சத்திரத்துக்கும் அதைத் தாண்டிச் சம்பளம் கிடையாது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஒருவரைப் போகவிடாமல் பிடித்துவைக்கும் உரிமை கிளப்புக்கு இருந்தது. 1963இல் ஜார்ஜ் ஈஸ்தம் வழக்கின் தீர்ப்புதான் அந்தப் பிடியைத் தளர்த்தியது. அந்தச் சூழலில், “இவ்வளவு திறமை இருந்தும் ஏன் மேலே போகவில்லை?” என்ற கேள்வி நம் காலத்துக் கேள்வி. அவர்களுடையது இல்லை.

அப்படியானால் இலக்கியம் இந்த மனிதர்களை எப்படிப் பார்த்தது? எனக்கு உடனே நினைவுக்கு வருவது டேவிட் ஸ்டோரியின் ‘திஸ் ஸ்போர்ட்டிங் லைஃப்’. 1960இல் வந்த நாவல். காற்பந்து இல்லை, ரக்பி லீக். ஸ்டோரி லீட்ஸ் கிளப்புக்கு ஆடிக்கொண்டே லண்டனில் ஓவியம் படித்தவர். அதனால்தான் சேறும் வலியும் அவ்வளவு நம்பும்படி இருக்கின்றன. ஆரம்பத்திலேயே நாயகன் ஆர்தர் மெக்கினின் முன்பற்கள் உடைகின்றன. 434 என்ற எண்ணால் ஒருபோதும் சொல்ல முடியாத உடம்பு அந்த நாவலில் இருக்கிறது.

ஆனாலும் எனக்கு ஒரு மனக்குறை. ஸ்டோரிக்கு வீழ்ச்சி தேவைப்படுகிறது. மெக்கின் நேசிப்பவளை இழந்தாகணும், உடம்பும் தேயணும். நாவல் என்ற வடிவத்துக்கே சரிவு பிடிக்கும் போல. சனிக்கிழமை தவறாமல் வந்து, கோல் அடித்து, 39 வயது வரை ஆடி, பிறகும் மூன்று ஆண்டுகள் அதே அணியை நடத்திய ரௌலியிடம் அப்படியொரு சரிவே இல்லை. ஒரே வேலையைத் திரும்பத் திரும்ப நன்றாகச் செய்தவரைக் கதையாக்குவது ரொம்பக் கஷ்டம். புள்ளிவிவரம் அவரை எண்ணாக்கிவிடுகிறது. நாவலோ அவரைக் கண்டுகொள்வதே இல்லை.

என்னைக் கேட்டால், இது ரௌலியின் குறை இல்லை, நம் விமர்சன மொழியின் குறை. ஒருவரை யார் அங்கீகரித்தார்கள் என்று தேடுவதற்கு முன்னால், அவர் எங்கே நின்று என்ன செய்தார் என்று பார்க்கலாம். அந்த இரண்டு வாக்கியங்களை இப்படியும் எழுதலாமே: ரௌலி 434 கோல் அடித்தார். அவற்றில் 152ஐ ஷ்ரூஸ்பரிக்காரர்கள் நேரில் பார்த்தார்கள்.