ஒவ்வொரு சாவாகப் படித்தால் போதுமா?

2024 செப்டம்பர் 9-ஆம் தேதியிலிருந்து இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒருவர் இறந்தால், அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் எழுதும் மரணக் காரணத்தை அந்தச் சிகிச்சையில் சம்பந்தப்படாத இன்னொரு டாக்டர் சரிபார்த்தாக வேண்டும். கொரோனர் என்கிற மரண விசாரணை அதிகாரி எடுத்துக்கொள்ளும் சாவுகள் மட்டும் விதிவிலக்கு. சரிபார்ப்பவருக்கு மெடிக்கல் எக்ஸாமினர் என்று பெயர். வருஷத்துக்குச் சுமார் 5,80,000 பேர் இறக்கிற இடம் அது. சின்ன வேலை இல்லை.

கொஞ்ச நாளாக விசாரணைக் கமிஷன் அறிக்கைகளைப் படித்துக் குறிப்பெடுத்து வருகிறேன். அந்த வரிசையில் இந்த முறையையும் அதன் வேரையும் சேர்த்துப் படித்தேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது நல்ல ஏற்பாடு. ஆனால் எந்தச் சம்பவத்தால் பிறந்ததோ, அது கற்றுத்தந்த பாடத்தில் பாதியைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறது. மீதிப் பாதி, ஒவ்வொரு ஊரிலும் இந்தப் பிரிவை நடத்துகிற தலைமை டாக்டர் எப்படிப்பட்டவர் என்பதை நம்பி விடப்பட்டிருக்கிறது.

வேலை எப்படி நடக்கிறது

பெரிய ஆஸ்பத்திரிகளில் இதற்கென ஓர் அலுவலகம் இருக்கும். அனுபவமுள்ள டாக்டர்கள் தங்கள் வழக்கமான வேலையோடு, வாரத்தில் சில மணி நேரம் இதற்கு ஒதுக்குவார்கள். அவர்களுக்குத் துணையாக முழுநேர அலுவலர்கள், பெரும்பாலும் நர்ஸாக இருந்தவர்கள். எல்லோருக்கும் மேலே ஒரு தலைமை மெடிக்கல் எக்ஸாமினர்.

அவர்கள் தேடுவது மூன்று கேள்விகளுக்கு விடை. இவர் எதனால் இறந்தார்? கொரோனரிடம் சொல்லவேண்டிய சாவா? சிகிச்சையில் கவலைப்படும்படி ஏதாவது நடந்ததா? இதற்காக மூன்று காரியம் செய்கிறார்கள். கேஸ் ஷீட்டைப் படிக்கிறார்கள். வைத்தியம் பார்த்த டாக்டரிடம் பேசுகிறார்கள். இறந்தவரின் குடும்பத்துக்குப் போன் போட்டு, "என்ன காரணம் எழுதப்போகிறோம் தெரியுமா? உங்களுக்கு ஏதாவது சந்தேகமோ வருத்தமோ இருக்கா?" என்று கேட்கிறார்கள்.

மூன்றில் எது முக்கியம்னு கேட்டால், தயங்காமல் அந்தப் போன் கால் என்பேன். காரணம் ஷிப்மேன் கதையில் இருக்கிறது.

ஷிப்மேன்: காகிதம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது

ஹரால்ட் ஷிப்மேன் மான்செஸ்டருக்குப் பக்கத்தில் ஹைட் என்ற ஊரில் குடும்ப டாக்டர். 15 நோயாளிகளைக் கொன்றதாக 2000 ஜனவரியில் தண்டனை பெற்றார். பிறகு நீதிபதி ஜேனட் ஸ்மித் தலைமையில் நடந்த விசாரணை, 1975 முதல் 1998 வரை அவர் கொன்றவர்கள் 215 பேர் என்று 2002-இல் கண்டறிந்தது. மேலும் 45 பேர் விஷயத்தில் பலத்த சந்தேகம். பெரும்பாலும் வயதான பெண்கள். ஆயுதம், வலிக்குப் போடும் டையமார்ஃபின் ஊசி.

இத்தனை சாவும் யார் கண்ணிலும் படாமல் போனதற்குச் சோதனையே இல்லாததுதான் காரணம் என்று நினைப்போம். சோதனை இருந்தது! எரிப்பதற்கு மூன்று டாக்டர்கள் கையெழுத்து வேண்டும். முதல் படிவம் வைத்தியம் பார்த்தவர் எழுதுவது. இரண்டாவது, வேறொரு டாக்டர் உடலைப் பார்த்துவிட்டு எழுதுவது. மூன்றாவது, தகன மையத்தின் டாக்டர் அனுமதி தருவது. முதல் இரண்டு படிவத்துக்கும் கட்டணம் உண்டு. டாக்டர்கள் தங்களுக்குள் அதற்கு வைத்த பெயர் 'ஆஷ் கேஷ்', சாம்பல் காசு.

இரண்டாவது டாக்டர் ஷிப்மேன் சொன்ன கதையைக் கேட்டார், மூன்றாவது டாக்டர் அந்த இரண்டு படிவத்தையும் படித்தார். மூன்று கையெழுத்து, ஆனால் தகவல் வந்த வாய் ஒன்றுதான். உறவினரையோ நர்ஸையோ விசாரித்தீர்களா என்ற கேள்வி இரண்டாவது படிவத்திலேயே அச்சாகி இருந்தது. 'இல்லை' என்று எழுதினாலும் படிவம் போகும். விசாரித்திருந்தால், "அம்மா காலையில் நல்லாத்தானே இருந்தாங்க, கடைக்குப் போய் வந்தாங்களே" என்று யாராவது ஒருவர் சொல்லியிருப்பார். நோயாளியின் பழைய கம்ப்யூட்டர் பதிவுகளையே ஷிப்மேன் திருத்தி, இல்லாத நெஞ்சுவலியை எழுதிவைத்தவர். கேஸ் ஷீட்டை மட்டும் படிக்கிற ஆள் அவரை ஒருநாளும் பிடித்திருக்க முடியாது.

ஆக, குடும்பத்தோடு பேசு என்ற பாடத்தைப் புதிய முறை எடுத்துக்கொண்டிருக்கிறது. அதற்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

யாருக்குச் சந்தேகம் வந்தது?

இரண்டாவது பாடம் இன்னும் முக்கியம். ஹைட்டில் ஷிப்மேன் மேல் யாருக்கெல்லாம் சந்தேகம் வந்தது என்று ஒரு பட்டியல் போட்டுப் பாருங்கள். வயதான பெண்களை வழக்கமாக ஏற்றிச் சென்ற ஒரு டாக்ஸி டிரைவர்; தன் வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகச் செத்துப்போவதைக் கவனித்தார். சவ அடக்கம் செய்யும் நிறுவனத்தார். இவருடைய நோயாளிகள் மட்டும் படுக்கையில் இல்லாமல், முழுசா உடுத்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தபடி இறந்திருப்பதைக் கவனித்தார்கள். எதிர் கிளினிக்கில் இரண்டாவது படிவம் எழுதிவந்த டாக்டர்கள். அவர்களுடைய நோயாளிகள் எண்ணிக்கை ஷிப்மேனுடையதைப் போல மூன்று மடங்கு, ஆனாலும் சாவு இவரிடம்தான் அதிகம்.

இவர்கள் யாரும் ஒரு கேஸ் ஷீட்டைப் படித்துக் கண்டுபிடிக்கவில்லை. பல சாவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற இடத்தில் இருந்தார்கள், அவ்வளவுதான். அந்த எதிர் கிளினிக் டாக்டர்களில் ஒருவர் 1998 மார்ச்சில் கொரோனரிடம் சொன்னார். போலீஸ் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று மூடியது. 1976-இலேயே பெதிடின் மருந்துக்குப் போலிச் சீட்டு எழுதித் தண்டனை வாங்கியவர் என்பதைக்கூட அவர்கள் தேடிப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு இன்னும் மூன்று பேர் செத்தார்கள். கடைசியாக இறந்தவர் கேத்லீன் கிரண்டி, 81 வயது. ஷிப்மேன் எழுதிய காரணம்: முதுமை. பிடிபட்டதும் அந்தச் சான்றிதழால் இல்லை. அவர் பெயரில் ஷிப்மேன் தயாரித்த போலி உயிலால்.

எண்ணிக்கை பேசும் என்பதைப் பிறகு ஆய்வாளர்கள் காட்டினார்கள். ரிச்சர்ட் பேக்கர் செய்த தணிக்கையில் ஷிப்மேனின் நோயாளிகள் பகல் உணவுக்குப் பிந்தைய மணிகளில் கூட்டமாக இறந்திருந்தார்கள். அவர் வீடுகளுக்குப் போய்ப் பார்க்கிற நேரம் அது. ஒவ்வொரு டாக்டரிடமும் எத்தனை சாவு என்று யாராவது தொடர்ந்து எண்ணி வந்திருந்தால் 1984 வாக்கிலேயே எச்சரிக்கை மணி அடித்திருக்கும் என்பது டேவிட் ஸ்பீகல்ஹால்ட்டரும் மற்றவர்களும் போட்ட கணக்கு.

ஆனால் அதே கணக்கின் மறுபக்கத்தையும் சொல்லணும். இப்படி எண்ணிப் பார்க்கிற முயற்சியைப் பரீட்சித்தபோது, ஷிப்மேனைவிட அதிக சாவு எண்ணிக்கையோடு ஒரு டாக்டர் பட்டியலில் மேலே வந்தார். விசாரித்தால், அவர் முதியோர் இல்லங்கள் நிறைந்த ஒரு தென்கடற்கரை ஊரின் டாக்டர். சாகப்போகிறவர்களை ஆஸ்பத்திரிக்குத் துரத்தாமல், இருந்த இடத்திலேயே நிம்மதியாகப் போகவிட்டவர். வெறும் எண் அவரைக் குற்றவாளியாக்கியிருக்கும். எண் கேள்வியைத்தான் எழுப்பும். பதிலுக்கு கேஸ் ஷீட்டும் குடும்பமும் வேண்டும். ஒன்றை விட்டு ஒன்று நிற்காது.

கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று

ஜேனட் ஸ்மித்தின் மூன்றாவது அறிக்கை (2003) முழுக்க இதைப் பற்றியதுதான். அவர் கேட்டது ஆஸ்பத்திரிக்குள் ஓர் அலுவலகம் அல்ல. எல்லாச் சாவும் புதிதாக அமைக்கப்படும் ஒரு கொரோனர் சேவைக்குப் போகணும், அங்கே சட்டம் படித்த கொரோனரோடு மருத்துவம் படித்த கொரோனரும் இருக்கணும், அந்தச் சேவை சுதந்திரமாக இயங்கணும் என்றார். சந்தேகம் இல்லாத சாவுகளிலும் சிலவற்றைக் குலுக்கலில் எடுத்து ஆழமாகப் பார்க்கணும் என்பதும் அவர் யோசனை.

2009 சட்டத்தில் வந்தது வேறு: கொரோனர் தனி, மெடிக்கல் எக்ஸாமினர் தனி. அந்தச் சட்டமும் அமலுக்கு வர 15 வருஷம் ஆனது. 2019-இல் சட்டக் கட்டாயம் இல்லாமல் ஆஸ்பத்திரிகளில் தொடங்கி, 2024-இல்தான் எல்லாச் சாவுக்கும் விரிந்தது.

இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. வீட்டில் இறந்த ஒருவரின் சான்றைக் குடும்ப டாக்டர் அனுப்பினால், அதைப் படிப்பவர் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கும் டாக்டர். அவர் உண்மையிலேயே வெளியாள். ஆனால் அதே ஆஸ்பத்திரியின் வார்டில் ஒருவர் இறந்தால், படிப்பவர் அதே கட்டிடத்தில் வேலை பார்க்கிறவர், அதே கேன்டீனில் டீ குடிக்கிறவர், அதே நிர்வாகத்திடம் சம்பளம் வாங்குகிறவர். அதாவது ஷிப்மேன் மாதிரி தனி ஆளுக்கு இந்த முறை வெளிப்பார்வை, ஆஸ்பத்திரியே பழுதானால் உள்பார்வை.

ஆஸ்பத்திரியே பழுதாவது கற்பனை இல்லை. கோஸ்போர்ட் வார் மெமோரியல் ஆஸ்பத்திரியில் 1989-க்கும் 2000-க்கும் இடையில் 450-க்கும் மேற்பட்டவர்களின் ஆயுள், தேவையில்லாமல் கொடுத்த ஓபியம் வகை மருந்தால் சுருங்கியது என்று 2018-இல் வெளியான அறிக்கை சொன்னது. நர்ஸ்கள் 1991-லேயே வாய்விட்டுச் சொல்லியிருந்தார்கள். அங்கே ஒருவர் கொலைகாரராக ஒளிந்துகொண்டு செய்யவில்லை. வார்டின் வழக்கமே அப்படி ஆகிவிட்டது. எல்லாம் கேஸ் ஷீட்டிலேயே எழுதியிருந்தது. வெளியிலிருந்து வருகிறவர் ஒரே வாசிப்பில் "இவருக்கு எதுக்கு இந்த மருந்து?" என்று கேட்டிருப்பார். அதே பழக்கத்தில் ஊறியவர் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போயிருப்பார்.

தலைமை டாக்டரின் மேஜை

இதற்கெல்லாம் பாதுகாப்பு இருக்கிறது என்பார்கள் இந்த முறையை ஆதரிப்பவர்கள். உண்மைதான். தான் வைத்தியம் பார்த்த நோயாளியின் சாவை ஒருவர் சரிபார்க்கக் கூடாது. தொழில் ரீதியாக அவர் பதில் சொல்லவேண்டியது ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கு இல்லை, மண்டல அளவிலும் தேசிய அளவிலும் இருக்கிற மெடிக்கல் எக்ஸாமினருக்கு. சாவுகளில் ஏதாவது போக்கு தென்பட்டால் மேலே சொல்லணும் என்ற எதிர்பார்ப்பும் உண்டு.

ஆனால் நேரக் கணக்கைப் பாருங்கள். வருஷத்துக்கு 3,000 சாவுக்கு ஒரு முழுநேர டாக்டர், மூன்று அலுவலர்கள் என்பது பரிந்துரை. ஒரு சாவுக்கு டாக்டரின் நேரம் அரை மணிக்குச் சற்று மேல். அதற்குள் கேஸ் ஷீட், டாக்டர், குடும்பம். வெளியே அடக்கத்துக்குக் காத்திருக்கிறவர்கள். இஸ்லாமியர், யூதர் குடும்பங்களுக்கு அன்றைக்கே அடக்கம் செய்யணும். தாமதம் ஆனால் திட்டு விழும், அந்தத் திட்டில் நியாயமும் உண்டு. இந்த அழுத்தத்தில் முதலில் காணாமல் போவது எது? இன்றைக்கு வந்த சாவு போகாது, அது மேஜையில் இருக்கிறது. போன மாதம் அதே வார்டில் அதே மாதிரி வந்த நாலு சாவையும் எடுத்து இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற வேலைதான் போகும். ஏன்னா, அதைச் செய்யவில்லை என்று யாரும் வந்து புகார் கொடுக்கப்போவதில்லை.

இதில்தான் எனக்கு ஆதங்கம். வரலாற்றில் முதல்முறையாக ஒரு வட்டாரத்தின் வீட்டுச் சாவும் வார்டு சாவும் ஒரே அலுவலகத்துக்கு வருகின்றன. ஹைட்டில் டாக்ஸி டிரைவரும் சவ அடக்க நிறுவனத்தாரும் தற்செயலாக இருந்த அந்த இடத்தில் இப்போது சட்டமே ஒரு மருத்துவரை உட்காரவைத்திருக்கிறது. அவர் தலையை நிமிர்த்திச் சுற்றிலும் பார்க்க நேரம் மட்டும் ஒதுக்கவில்லை.

என் கணக்கில் மூன்று விஷயம் போதும், புதுச் சட்டம்கூட வேண்டாம். ஒன்று, மாதத்துக்கு ஒரு நாள் தலைமை டாக்டர் புதுக் கேஸ் ஷீட்டைத் தொடாமல், முந்தைய மாதச் சாவுகளை வார்டு, டாக்டர், நேரம் வாரியாக அடுக்கிப் பார்க்க வேண்டும். அது அவர் மனசைப் பொறுத்த வேலையாக இல்லாமல் டியூட்டி அட்டவணையில் எழுதப்பட்ட வேலையாக இருக்க வேண்டும். இரண்டு, ஆஸ்பத்திரிச் சாவுகளில் ஒரு பங்கைக் குலுக்கலில் எடுத்துப் பக்கத்து ஊர் அலுவலகத்துக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும். ஸ்மித் 2003-இல் சொன்ன குலுக்கலின் சின்ன வடிவம் இது. மூன்று, அலுவலகம் எழுப்பிய கவலைகள் எத்தனை, அவற்றில் நிர்வாகம் பதில் சொன்னது எத்தனை என்று வருஷத்துக்கு ஒருமுறை ஊரறிய வெளியிட வேண்டும்.

மூன்றாவதுதான் கஷ்டம். முதல் இரண்டுக்கு நேரம் வேண்டும், இதற்குத் தைரியம் வேண்டும். தனக்குச் சம்பளம் தரும் ஆஸ்பத்திரியைப் பார்த்து, "உங்கள் ஏழாம் வார்டில் ஏதோ சரியில்லை, போன வருஷமும் சொன்னேன்" என்று ஒருவர் எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்பவர்கள் இருப்பார்கள். ஆனால் அப்படி ஓர் ஆள் அமைவது நோயாளியின் அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது. 1991-இல் கோஸ்போர்ட் நர்ஸ்களிடம் தைரியம் இருந்தது. அவர்கள் சொன்னதைப் போய்ச் சேர்க்க ஒரு வழிதான் இல்லை.