ஸோலாவின் நாவலில் வீதிக் கணக்கு

எமில் ஸோலாவின் ‘லா க்யூரே’ 1871இல் பாரிஸ் பத்திரிகையொன்றில் தொடராக வந்தது. ஒஸ்மான் நகரை இடித்து அகன்ற வீதிகள் போட்ட காலமே அதன் களம். நகரசபை உத்தியோகத்தன் சக்கார், எந்தப் பக்கம் ரோட்டு வரப்போகுதெண்டு முன்கூட்டியே அறிந்து, வீடுகளை மலிவாக வாங்கி, பெறுமதியை ஊதிப்பெருக்கி, பொதுப்பணத்தில் நட்டஈடு எடுக்கிறான். களவுக்குத் திறப்பு ஒரு வரைபடம்தான். இந்தச் சூட்சுமத்தை விளங்கவைப்பதே நாவலின் பலம்.

பலவீனமும் உண்டு: வீடிழந்த ஏழைகளின் குரல் அதில் அரிது.

அரச வழக்குத்தொடுநரின் தலையீட்டால் தொடர் இடையில் நின்றது, குற்றச்சாட்டோ ஒழுக்கக்கேடு. படுக்கையறையைக் கண்டவங்க கணக்குப் புத்தகத்தைக் காணல்ல. அந்தக் கணக்குக்காகவே இந்நாவலை இன்றும் வாசிக்க வேணும்.